வெண்ணெய் உருகறதுக்குள்ள வாங்க பாஸ்!

உங்க காலேஜ்ல ஈஸ்டருக்கு லீவு விடுவாங்களா? யோசிக்காதீங்க. அது எப்பவுமே ஞாயித்துக்கிழமைதான் வரும். அதனாலயே நம்மில் பல பேர் ஈஸ்டரைக் கண்டுக்கறதே இல்லை. முந்தின வெள்ளிக்கிழமை கிடைக்கிற லீவை மட்டும் கரெக்டா ஞாபகம் வெச்சுப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன், இந்த வருஷம் வரைக்கும்.

இந்த வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு, திருச்சி பொன்மலையில ஒரு ஓட்டு வீட்டு அடுப்படியில, ஐஸ் தண்ணியில கையை முக்கிக்கிட்டு நின்னேன். எதுக்கு? ஒரு கால் கிலோ மைதாவுல வெண்ணெயைப் பிசிற. சிரிக்காதீங்க. மேட்டர் கொஞ்சம் சீரியஸ்.

முதல்ல பொன்மலைக்கு வாங்க. திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறினா, ஊர் சத்தம் அடங்கி, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்களும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ரயில்வே குவார்ட்டர்ஸும் வர ஆரம்பிக்கும். அதுதான் பொன்மலை. பேரைக் கேட்டு அண்ணாந்து பார்க்காதீங்க, சின்னப் பாறைதான். ஆனா, 1753-ல ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தப் பாறைக்காக ரத்தம் சிந்தி சண்டை போட்டிருக்காங்க. 1928-ல நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே ஒர்க் ஷாப்பைத் தூக்கிட்டு வந்து இங்கே வெச்சாங்க. ஊட்டிக்குப் போற மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினைப் புதுசாவே செஞ்சு கொடுத்த பட்டறை இது. மெக்கானிக்கல் பசங்க ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து கும்பிடு போட்டுட்டுப் போங்க!

பட்டறையோட சேர்ந்து நாகப்பட்டினத்துல இருந்து மனுஷங்களும் வந்தாங்க. ஃபிட்டர், டிரைவர், கார்டு, ஃபோர்மேன். அதுல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. என் கிளாஸ்மேட்டோட பாட்டி குடும்பமும் அதுல ஒண்ணு. பாட்டியை அவன் 'நானா'ன்னு கூப்பிடுவான். தெருவுல எல்லாரும் 'டீச்சரம்மா'. எனக்கு ரெண்டுமே வாயில வந்துடும். வயசு எழுபத்தொன்பது. பூப்போட்ட கவுன், கழுத்துல ஒரு சின்ன சிலுவை. இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, திருச்சித் தமிழ்ல முடிப்பாங்க. "கம் இன், கம் இன்... செருப்பை அங்கயே விடு கண்ணு, இப்பதான் வீடு துடைச்சேன்!"

நண்பன்தான் போன் பண்ணினான். "மச்சி, இந்த ஈஸ்டருக்கு வா. நானா ஸ்கோன் பண்ணப் போறாங்க. அநேகமா இதுதான் லாஸ்ட்."

எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. "உடம்புக்கு ஏதாவதா?"

"ச்சே ச்சே... பெர்த்துக்குப் போறாங்க. அத்தைகிட்ட. விசா வந்துடுச்சு. ஜூன்ல டிக்கெட்."

அப்புறம்தான் அசலான பிரச்னையைச் சொன்னான். நானாவோட ஸ்கோன் செய்முறை எங்கயும் எழுதி வைக்கலை. அவங்க அம்மா சொல்லிக்கொடுத்தது. அவங்களுக்கு அவங்க அம்மா. அளவு எல்லாமே கைப்பிடி, கண்பார்வை, அப்புறம் கைப்பிடி உடைஞ்ச ஓர் எனாமல் மக். இவனுக்கு மேகி தவிர ஒண்ணும் தெரியாது. "நீதான் எதையும் எழுதி வைக்கிற ஆளாச்சே... வந்து எழுதிக்கோ மச்சி."

நான் ஒரு நோட்டு, ஒரு பேனா, அக்கா வீட்டுல இருந்து சுட்டுட்டு வந்த டிஜிட்டல் தராசோட பொன்மலைக்கு பஸ் ஏறினேன்.

ஸ்கோன்னா என்ன?

பன்னா? இல்லை. கேக்கா? இல்லை. பிஸ்கட்டா? அதுவும் இல்லை. மூணுக்கும் ஒண்ணுவிட்ட சொந்தம். வெளியில லேசா மொறுமொறுப்பு, உள்ளே பிட்டா ஆவி பறக்கிற மெத்து. சொந்த ஊர் ஸ்காட்லாந்து. 1513-லயே ஸ்காட்லாந்துக் கவிஞர் கேவின் டக்ளஸ் தன்னோட மொழிபெயர்ப்புக் காவியத்துல இந்தப் பேரை எழுதிட்டார். அந்தக் காலத்து ஸ்கோன் ஓட்ஸ், பார்லி மாவுல தட்டி தோசைக்கல் மாதிரி இரும்புக் கல்லுல சுட்ட தட்டையான ரொட்டி. அது உப்பி எழுந்து நிக்க, பேக்கிங் பவுடர் வர வேண்டியிருந்தது.

அதுக்குப் பின்னாடி ஒரு லவ் ஸ்டோரி இருக்கு. இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒரு மருந்துக் கடைக்காரர். அவர் மனைவிக்கு ஈஸ்ட் போட்ட ரொட்டி ஒத்துக்காது. மனுஷன் மனைவிக்காக உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணி, 1843-ல ஈஸ்ட் இல்லாம மாவை உப்ப வைக்கிற பவுடரைத் தயார் பண்ணிட்டார். சோடா உப்பும் ஓர் அமிலமும் உலர்ந்து ஒண்ணா இருக்கும். ஈரம் பட்டதும் கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பும். அவ்வளவுதான் கெமிஸ்ட்ரி. ஃபர்ஸ்ட் இயர்ல நம்மளைப் படுத்தின அதே கெமிஸ்ட்ரி!

நம்மூர்ல எப்பவுமே பெரிய வெள்ளிக்கு 'ஹாட் கிராஸ் பன்'தான் ஃபேமஸ். மேலே சிலுவை கீறின மசாலா பன். நானா வீட்டுலயும் வெள்ளிக்கிழமை கஞ்சியும் அந்த பன்னும்தான். 1592-ல லண்டன்ல இந்த மசாலா பன்களை பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், சாவு வீடு தவிர வேற எப்பவும் விக்கக் கூடாதுன்னே உத்தரவு போட்டிருக்காங்கன்னா, அதோட மவுசைப் பார்த்துக்கோங்க. அந்த பன்னுக்கு ஈஸ்ட் போட்டு மணிக்கணக்கா காத்திருக்கணும். "வெள்ளிக்கிழமை காத்திருக்கற நாள். ஞாயித்துக்கிழமை காத்திருக்கக் கூடாது. அதான் ஸ்கோன்"னு நானா ஒரே வரியில முடிச்சுட்டாங்க. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், உலர்ந்த பழம் எல்லாம் பன்னுல போடற அதே அயிட்டங்கள்தான். காத்திருப்பு மட்டும் கட்.

ராத்திரி ரெண்டு மணி

சனிக்கிழமை ராத்திரி கோயிலுக்குப் போனோம். நான் சர்ச் பூஜைக்குப் போனது அதுதான் முதல் தடவை. எல்லா விளக்கையும் அணைச்சுட்டாங்க. வெளியில புதுசா மூட்டின நெருப்புல ஒரு பெரிய மெழுகுவத்தியை ஏத்தி உள்ளே கொண்டுவந்து, அதுல இருந்து ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குன்னு நெருப்பு பரவினது. அஞ்சு நிமிஷத்துல கோயில் முழுக்க சின்னச் சின்ன சுடர். பக்கத்துல நின்ன நானா என் மெழுகுவத்தியையும் பத்த வெச்சாங்க. நான் எந்தச் சாமி கும்பிடறேன்னு அவங்க கேக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தப்போ மணி ரெண்டு. தூங்கப் போவாங்கன்னு நினைச்சேன். கவுன் மேலே ஏப்ரனைக் கட்டிக்கிட்டு, "ம்ம்... ஸ்டார்ட்"ன்னுட்டாங்க.

"இப்பவா? காலையில பண்ணக் கூடாதா?"

"இன்ஜினீயர்தானே நீ? யோசி."

யோசிச்சேன். விடை வெண்ணெய்ல இருந்தது. ஸ்கோனோட சூட்சுமமே சில்லுனு இருக்கிற வெண்ணெய்தான். மாவுக்கு நடுவுல அது சின்னச் சின்னத் துண்டாவே நிக்கணும். அடுப்புச் சூட்டுல அந்தத் துண்டு உருகி, அதுல இருக்கிற தண்ணி ஆவியாகி மாவைத் தூக்கும். உருகினது போக அந்த இடத்துல ஒரு குட்டி இடைவெளி. அதுதான் மெத்து. ஸ்காட்லாந்துக்காரனுக்கு இது பிரச்னையே இல்லை. அவன் ஊரே ஃப்ரிட்ஜ். ஆனா, வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள்ள முழுசா உருகிடும். ஏப்ரல் மாசத் திருச்சியில பகல் வெயில் 38, 40-ஐத் தொடும். அதாவது, அடுப்படியில வெண்ணெயை வெளியே எடுத்து வெச்சாலே போதும்... நெய் மாதிரி ஓட ஆரம்பிச்சுடும். இருபத்து நாலு மணி நேரத்துல ஊர் கொஞ்சம் ஆறியிருக்கறது இந்த விடியக்காலைல மட்டும்தான்.

ஸ்காட்லாந்துப் பலகாரத்தைத் திருச்சி வெயில்ல பண்றதுக்கு, நாலு தலைமுறைப் பெண்கள் கண்டுபிடிச்ச டெக்னிக் இது. எந்த சமையல் புஸ்தகத்துலயும் இருக்காது. பூஜை முடிஞ்ச கையோட பண்ணு. மாவையும் பாத்திரத்தையும் முன்கூட்டியே குளிர வை. வெண்ணெயைக் கல்லா உறைய வெச்சு, கேரட் துருவுற துருவல்ல துருவு. கையை ஐஸ் தண்ணியில முக்கித் துடைச்சுட்டு, விரல் நுனியால மட்டும் தொடு. உள்ளங்கை சூடு, அது படவே கூடாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல? "வெண்ணெய்ப் பாத்திரத்தை மண்பானைத் தண்ணிக்குள்ள இறக்கிடுவோம். அவன்? மணல் போட்ட இரும்புச் சட்டி. கீழே கரி, மூடி மேலேயும் கரி"ன்னாங்க. இப்ப வீட்டுல ஒரு சின்ன ஓ.டி.ஜி. அவன் இருக்கு. பாவம், அதுதான் எங்களைவிட அதிகமா வியர்த்தது.

என் முதல் பேட்ச்

நானா ஒரு மக் மாவைக் கொட்டறதுக்கு முன்னாடி நான் தராசுல வெப்பேன். அவங்க ஒரு சிட்டிகை எடுத்தா, "நானா ஒன் மினிட்"ன்னு அதை ஸ்பூன்ல அளப்பேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "அளந்தது போதும். நீ பண்ணு"ன்னு பாத்திரத்தை என் பக்கம் தள்ளிட்டாங்க.

பண்ணினேன். நம்ம வீட்டுல அம்மாவுக்கு சப்பாத்தி மாவு பிசைஞ்சு கொடுத்த அனுபவம் இருக்கே! பாலை ஊத்தி, முஷ்டியை மடக்கி, நல்லா அழுத்தி அழுத்திப் பிசைஞ்சேன். வழவழன்னு வந்தது மாவு. பெருமையா நிமிர்ந்து பார்த்தேன். நானா தலையில கை வெச்சுட்டாங்க.

பதினஞ்சு நிமிஷம் கழிச்சு அவன்ல இருந்து எடுத்தோம். எட்டு ஸ்கோனும் போட்டது போட்டபடியே இருந்தது. உப்பலை. நண்பன் ஒண்ணை எடுத்து மேஜையில தட்டினான். 'டொக்'குன்னு சத்தம்! "மச்சி, இதை ஒர்க் ஷாப்புல கொடுத்தா பிரேக் ஷூவா போட்டுக்குவாங்க"ன்னான், துரோகி.

மாவைப் பிசையப் பிசைய அதுல இருக்கிற குளூட்டன் ரப்பர் மாதிரி பின்னிக்கும். சப்பாத்திக்கு அது வேணும். ஸ்கோனுக்கு அதுதான் எமன். இதை நான் தியரியா விளக்க ஆரம்பிச்சப்போ, நானா நடுவுல கட் பண்ணினாங்க:

"சப்பாத்திக்குக் கை பலம் வேணும் கண்ணு. இதுக்குக் கை பயம் வேணும்."

இதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டேன். அந்த நோட்டுல கிராம் போடாத ஒரே வரி அதுதான்.

ரெண்டாவது பேட்ச்சை அவங்க பண்ணினாங்க. மாவு சேர்ந்தும் சேராம, பார்க்கவே கோணல்மாணலா இருந்தது. தட்டி, ரெண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டு, ஒரு பித்தளை வளையத்தால வெட்டினாங்க. அந்த வளையத்தைப் பத்திச் சொல்லணும். தாத்தா ஒர்க் ஷாப்புல ஃபிட்டர். கல்யாணமான புதுசுல, ஒரு குழாய்த் துண்டை வாங்கி, வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து அறுத்து, ஓரத்தை அரம் போட்டுத் தேய்ச்சு செஞ்சு கொடுத்தாராம். ஸ்கேல் வெச்சு அளந்தேன். எந்தப் பக்கம் வெச்சாலும் சரியா 60 மில்லிமீட்டர். நம்ம லேப்ல நான் ஃபைலிங் பண்ணின அந்த ஒரே ஒரு சதுரம் நாலு பக்கமும் நாலு அளவுல இருந்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன்.

"நேரா அழுத்து, நேரா எடு. திருகாதே. திருகினா ஓரம் ஒட்டிக்கும், ஒரு பக்கமா சாயும்"னு சொல்லிட்டு, வளையத்தை என்கிட்ட கொடுக்கலை, பேரன்கிட்ட கொடுத்தாங்க. மேகி மன்னன் நடுங்கிக்கிட்டே வெட்டினான். எட்டுல ஒண்ணுதான் சாய்ஞ்சது.

வீடு எங்கே இருக்கு?

அவன்ல இருந்து பட்டையும் வெண்ணெயும் சேர்ந்த வாசனை கிளம்ப ஆரம்பிச்சப்போ, கேக்கணுமா வேண்டாமான்னு நினைச்சுக்கிட்டே கேட்டுட்டேன். "போகணும்னு இருக்கா நானா?"

கொஞ்ச நேரம் அவன் கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தாங்க.

"சின்ன வயசுல இந்தத் தெருவுல பாதி வீடு எங்க ஆளுங்க. அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா லண்டன், கனடா, ஆஸ்திரேலியா. போறவங்க எல்லாம் 'ஹோம்' போறோம்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்க அம்மாவோட தாத்தா ஸ்காட்லாந்துக்காரர்னு சொல்வாங்க. ஒரு போட்டோகூட இல்லை. இந்த ஸ்கோன் மட்டும்தான் இருக்கு. அதை வெச்சு அதை ஹோம்னு சொல்ல முடியுமா? எனக்கு ஹோம்னா ஒர்க் ஷாப் சங்கு. சங்கு ஊதினா அவர் கிளம்புவார். சங்கு ஊதினா அவர் வருவார். அவ்வளவுதான்."

நம்ம பொதுஅறிவுப் புஸ்தகத்துல ஒரு வரி மனப்பாடம் பண்ணியிருப்போம்: 'மக்களவைக்கு ஆங்கிலோ இந்தியர் இருவரை ஜனாதிபதி நியமிக்கலாம்.' அரசியல் சட்டம் 331-வது பிரிவு. ஒரு மார்க் கேள்வி. 2020 ஜனவரியில, 104-வது திருத்தத்தோட அந்த நியமனம் முடிஞ்சுபோச்சு. அந்த ஒரு மார்க்குக்குப் பின்னாடி, ஐஸ் தண்ணியில கையை முக்கிக்கிட்டு நிக்கிற ஒரு பாட்டி இருப்பாங்கன்னு எனக்குத் தோணினதே இல்லை. உங்களுக்கு?

"அப்ப போகாதீங்க"ன்னு பேரன் சொல்லிட்டான். அவன் அப்பா அம்மா சென்னையில. இத்தனை வருஷமா இவங்களோடதான் இருக்கான். ஜூன்ல இருந்து ஹாஸ்டல்.

"மக கூப்பிடறா. எனக்கும் முழங்கால் வலி. நீயும் இன்னும் ஒரு வருஷத்துல வேலைன்னு பெங்களூரு போயிடுவே. தனியா இருந்து எட்டு ஸ்கோனை யாருக்குப் பண்றது?" குரல்ல அழுகை எல்லாம் இல்லை. கணக்கு சொல்ற மாதிரி சொன்னாங்க. அதுதான் என்னை என்னவோ பண்ணிடுச்சு.

டிங்! அவன் மணி அடிச்சது.

எட்டும் எழுந்து நின்னது பாஸ்! பக்கவாட்டுல அடுக்கடுக்கா வெடிப்பு, மேலே தேன் கலர். சாய்ஞ்சது மட்டும் பைசா கோபுரம் மாதிரி. கத்தி வைக்கக் கூடாதாம். கையால பிட்டு, வெண்ணெய் தடவி, கொய்யா ஜாம். ஜாம் முதல்லயா, க்ரீம் முதல்லயான்னு இங்கிலாந்துல ரெண்டு மாவட்டம் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்கு. கார்ன்வால்ல ஜாம் முதல்ல, டெவன்ல க்ரீம் முதல்ல. பொன்மலையில எது முதல்லன்னு கேட்டேன். "டீ"ன்னாங்க. தவக்காலம் நாற்பது நாளும் டீயில சர்க்கரை போடலையாம். அன்னிக்கு மூணு ஸ்பூன் போட்டு, ஒரு வாய் குடிச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க பாருங்க... அந்த முகத்தைப் பார்த்தப்புறம் நான் டீயில சர்க்கரையைப் பத்தி யார்கிட்டயும் பேசறதில்லை.

விடிஞ்சதும் மூணாவது பேட்ச். அது தெருவுக்கு. எதிர் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, மூலை வீட்டு பாய்க்கு. கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கதான். ஒரு வீட்டு அக்கா தட்டை வாங்கிட்டு, "அடுத்த வருஷம் யார் தருவா?"ன்னு கேட்டாங்க. நண்பன் தரையைப் பார்த்தான். அப்புறம், "நான்தான்க்கா"ன்னான். சொன்னதுக்கு அப்புறம் அவன் மூஞ்சியில தெரிஞ்ச பீதி இருக்கே... வைவா ஹால் வாசல்லகூட நான் அப்படிப் பார்த்ததில்லை!

நீங்களும் பண்ணலாம்

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை 40 கிராம். பட்டைத்தூள் 1 டீஸ்பூன், துருவின ஜாதிக்காய் கால் டீஸ்பூன், ரெண்டு கிராம்பு பொடிச்சது. (2021-ல புவிசார் குறியீடு வாங்கின கன்னியாகுமரிக் கிராம்பு கிடைச்சா விடாதீங்க.) எல்லாத்தையும் சலிச்சு, பாத்திரத்தோட ஃப்ரிட்ஜுல வைங்க. உறைஞ்ச வெண்ணெய் 60 கிராமைத் துருவிப் போட்டு, விரல் நுனியால ரவை மாதிரி உதிர்த்து விடுங்க. உலர் திராட்சையும் பொடியா நறுக்கின ஆரஞ்சுத் தோல் மிட்டாயும் சேர்ந்து 75 கிராம். ஒரு முட்டையை 100 மில்லி சில்லுனு பால்ல அடிச்சு ஊத்தி, ஒரு ஸ்பூனால சேருங்க. மாவு ஒண்ணா ஒட்டினதும் நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! 2 செ.மீ. கனத்துக்குத் தட்டி, நேரா வெட்டி, மேலே பால் தடவி, நல்லா சூடான அவன்ல 220 டிகிரியில 12 முதல் 15 நிமிஷம். எட்டு ஸ்கோன் வரும். நாலு பேருக்கு ஆளுக்கு ரெண்டு, சண்டை வராது.

எங்க வீட்டுல போன வாரம் பண்ணினேன். விடியக்காலை நாலு மணிக்கு. அடுப்படி சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா, பேய் பிடிச்சிருக்கான்னு பார்த்தாங்க. அப்புறம் ஒண்ணைப் பிட்டு வாயில போட்டுட்டு, "பரவால்லடா, பன்னுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு"ன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்தாங்க. போட்டோ எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"குட், குட். பக்கத்துல வெடிப்பு வந்திருக்கு. ஆனா, ஒண்ணு சாய்ஞ்சிருக்கே?"

"திருகிட்டேன் நானா."

"ம்ம். பரவால்ல. எழுதிக்கிட்டியா?"

"எல்லாத்தையும்."

"அப்போ சரி. நோட்டை அவன்கிட்ட கொடு. வளையத்தை நான் எடுத்துட்டுப் போகலை. இங்கயே வெச்சுட்டுப் போறேன்."

அடுத்த ஈஸ்டருக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பொன்மலைப் பக்கம் யாராச்சும் வந்தா, ஒரு ஓட்டு வீட்டுல லைட் எரியும். உள்ளே ரெண்டு பசங்க ஐஸ் தண்ணியில கையை முக்கிக்கிட்டு நிப்பாங்க. தைரியமா உள்ளே வாங்க. செருப்பை மட்டும் வெளியிலயே விட்டுடுங்க!